முழுமனதோடு ஏற்காத ஒருத்தி

இணையவழிக் கல்வியை மாணவர்கள் எந்த அளவுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்று ஆய்வு செய்ய அகண்டஞான நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தீர்மானித்தபோது, முதல் வேலையாக ஆய்வின் முடிவை ஃப்ளெக்ஸில் அடித்தார்கள். கேள்வித்தாள் அடுத்த வாரம் தயாரானது. இதில் சூது ஒன்றும் இல்லை. ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர் தசராவுக்கு ஊருக்குப் போவதாக இருந்தார், அவ்வளவுதான்.

நாற்பதடி நீளம். ஆனேக்கல் போகிற பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகிறவனும் விழித்துக்கொள்கிற அளவு எழுத்து. ‘நூறு சதவீத மாணவர்களும் முழுமனதோடு ஏற்ற இணையவழிக் கல்வி!’ பக்கத்தில் முதன்மையர் டாக்டர் கணேசமூர்த்தி ஹெட்போன் மாட்டிக்கொண்டு தொலைநோக்குப் பார்வை பார்த்தார். ஹெட்போன் ஒயரின் மறுமுனை எதிலும் சொருகியிருக்கவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, அவர் உட்பட.

கொரோனா போய் எத்தனையோ வருடம் ஆன பிறகும் அங்கே ஏன் இணையவழியில் பாடம் என்று கேட்கலாம். காரணம் எளிது. ஊரடங்கு முடிந்து மாணவர்களைத் திரும்பக் கூப்பிடலாம் என்று பார்த்தபோது, வகுப்பறைகள் அதற்குள் கல்யாண மண்டபமாக நல்ல பெயர் எடுத்திருந்தன. பொருளாதாரத் துறையில் சமையல், வரலாற்றுத் துறையில் பந்தி, நூலகத்தில் மாப்பிள்ளை வீட்டார். மாணவர்களில் சிலர் தங்கள் வகுப்பறையை முதன்முதலாகப் பார்த்ததே யாரோ உறவுக்காரர் வரவேற்புக்குப் போனபோதுதான். ஆய்வுக்கூடம் ஒன்றை மட்டும் பூட்டி வைத்திருந்தார்கள். தரமதிப்பீட்டுக் குழு வந்தால் காட்ட வேண்டுமே.

அந்தக் குழு வரப் போகிறது என்றுதான் ஆய்வு. நாற்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து பதில்கள், மாணவர் சுதந்திரமாக எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம்: முழுமனதோடு ஏற்கிறேன், ஏற்கிறேன், ஏற்கெனவே ஏற்றுவிட்டேன், விரைவில் ஏற்பேன், ஏற்காமலிருக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. இவற்றுக்குக் கீழே ‘பிற கருத்து’ என்று தீப்பெட்டி அளவில் ஒரு கட்டம். அது மென்பொருள் செய்தவன் எடுக்க மறந்தது.

மொத்தம் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். பெரும்பாலோருக்கு விடையளிக்கும் சிரமமே ஏற்படவில்லை. காக்ஸ் டவுன் டிரேவர் என்ற வேதியியல் மாணவன் கம்ப்யூட்டரில் ஏதோ எழுதி, ஒரே தட்டில் ஊருக்கெல்லாம் ‘முழுமனதோடு ஏற்கிறேன்’ என்று நிரப்பிவிடும் வித்தை கண்டுபிடித்திருந்தான். தலைக்கு ஒரு எக் பஃப் கட்டணம். அந்த வாரம் முழுக்க அவன் வேறு எதுவும் சாப்பிடவில்லை என்று சொல்கிறார்கள்.

அவன் வகுப்பிலேயே படித்த சிந்து மட்டும் அவனிடம் கேள்வித்தாளைக் கொடுக்கவில்லை. அவளுடைய பஸ் சில்க் போர்டு சிக்னலில் ஒன்றரை மணி நேரம் நின்றது. வேறு வேலை இல்லாததால் நாற்பது கேள்விகளையும் படித்துப் பார்த்தாள். பல்கலைக்கழக வரலாற்றில் அப்படிச் செய்த முதல் ஆள் அவள்தான். கேள்வியைத் தயாரித்தவரும் படித்ததில்லை. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தார்.

பதினேழாவது கேள்வி: ‘ஆய்வுக்கூடத் திறன்கள் அனைத்தையும் இணையவழியிலேயே முழுமையாகப் பெற்றுவிட்டேன்.’

சிந்து யோசித்தாள். மூன்று வருடமாக ஆய்வுக்கூட வகுப்பு செல்போனில்தான் நடந்தது. பியூரெட் என்பது கீழே குழாய் வைத்த நீளக் கண்ணாடிக் குழல். அதிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்தில் விட வேண்டும், அதற்கு டைட்ரேஷன் என்று பெயர். நிறம் வெளிறிய ரோஸாகி அப்படியே நின்றால் நிறுத்தி அளவு பார்க்க வேண்டும். ஆசிரியர் பியூரெட்டின் படத்தைக் கேமராவுக்கு நேரே பிடிப்பார். “இப்ப ரோஸ் கலர் வந்துடுச்சு. எல்லாரும் இருபத்துநாலு புள்ளி ஆறுன்னு எழுதிக்குங்க” என்பார். எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். ஒரு தடவை ஒரு பெண் இருபத்துநாலரை என்று எழுதி அரை மார்க்கைப் பறிகொடுத்தாள். சிந்துவின் போனில் திரை உடைந்து குறுக்கே பச்சைக் கோடு விழுந்திருந்ததால், அவள் பார்த்த ரசாயனம் எல்லாமே பச்சையாகத்தான் இருந்தது.

பொய் சொல்லவும் மனமில்லை, சண்டை போடவும் எண்ணமில்லை. தீப்பெட்டிக் கட்டத்தில் நுணுக்கி எழுதினாள்: ‘பியூரெட்டைத் தொட்டதே இல்லை.’ சிக்னல் விழுந்தது. மறந்துபோனாள்.

நாலு நாள் கழித்து ஹால் டிக்கெட் எடுக்கப் போனால், திரையில் சிவப்பு எழுத்து: ‘நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. காரணம்: மனப்பான்மை.’

இறுதிப் பருவத் தேர்வு அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. ஜிகணியில் ஒரு மருந்து கம்பெனி, பரிசோதனைக் கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. தேர்வு எழுதவில்லை என்றால் வேலையும் இல்லை, ஒரு வருடமும் போச்சு. நீலசந்திராவில் ஒற்றை அறை வீட்டில், தண்ணீர் டேங்க் படிக்கட்டில் உட்கார்ந்து மூன்று வருடம் படித்தவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவள் அம்மா ராதா விளக்கினாள்.

“இன்னாடி பண்ணி வெச்ச? ஊரே கண்ண மூடிக்கினு ஒரு தட்டு தட்டுச்சு. உனக்கு மட்டும் எழுத்து கேக்குதா?”

“கேள்வி கேட்டாங்கம்மா. பதில் சொன்னேன்.”

“பதில் தெரிஞ்சிக்கவா கேப்பாங்க? வீட்டுக்கு வர்றவங்கள காபி சாப்புடறீங்களான்னு கேக்கறதில்ல? அந்த மாதிரிதாண்டி. போ, போய் அந்த சார் கால்ல வுழு. ஆன்லைன்லயே வுழலாமான்னு கேளு.”

ஆன்லைனில் விழ வழியில்லை. இணையவழிக் கல்வி குறித்த குறைகளை நேரில் மட்டுமே தெரிவிக்க வேண்டும், மூன்று பிரதிகள், கெஸட்டட் அதிகாரி கையெழுத்துடன் என்று விதி இருந்தது. சிந்து மூன்று பிரதிகளோடு போனாள். அன்று முகூர்த்த நாள். வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார்கள்.

முதன்மையர் கணேசமூர்த்தி அன்பாகத்தான் பேசினார்.

“உக்காரும்மா. இந்த மாதிரி விஷயமெல்லாம் நேர்ல பேசினாத்தான் சரியா வரும். ஆன்லைன்ல என்ன தெரியுது? கட்டம் கட்டமா கருப்பா இருக்கு. அந்தப் பக்கம் மனுஷன் இருக்கானா இல்லையான்னே புரியாது. நீ எந்த டிபார்ட்மென்ட்?”

“கெமிஸ்ட்ரி சார். நீங்கதான் எங்களுக்கு கிளாஸ் எடுக்கறீங்க.”

“நானா?” அவர் உண்மையாகவே மகிழ்ந்துபோனார். “எப்ப?”

“செவ்வாய், வியாழன் சார். ரெகார்டிங். மார்ச் மாசத்துல எங்களுக்கு தீபாவளி வாழ்த்து சொல்வீங்க.”

“நல்லா எடுக்கறேனா?”

“நடுவுல ஒரு குக்கர் விசில் வரும் சார். அதுக்கப்புறம் நீங்க எழுந்து போய்டுவீங்க. பதினோரு நிமிஷம் நாற்காலி மட்டும் தெரியும். அதையும் நோட்ஸ் எடுக்கச் சொல்லியிருக்காங்க.”

கணேசமூர்த்தி பெருமூச்சு விட்டார். “பாரும்மா. எனக்கு உன்மேல கோபம் கிடையாது. ஆனா சிஸ்டத்துல தொண்ணூத்தொம்பது புள்ளி தொண்ணூத்தெட்டுன்னு காட்டுது. வெளிய ஃப்ளெக்ஸ்ல நூறுன்னு இருக்கு. ரெண்டுல ஒண்ணத்தான் மாத்த முடியும். ஃப்ளெக்ஸ் நாப்பதடி. நீ அஞ்சடி. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்?”

“ஆனா நான் தொட்டதில்லையே சார்.”

“நான் மட்டும் தொட்டேனா? டாக்டர் பட்டம் வாங்கலையா?”

மறுநாள் அவளை மனப்பான்மைச் சீரமைப்புப் பிரிவுக்கு அனுப்பினார்கள். இது மட்டும் இணையவழியில் நடந்தது. கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார் ஆலோசகர். நெற்றிப் பொட்டில் அந்தச் சுற்றும் வட்டத்தை நினைக்கச் சொன்னார், நெட் போகும்போது சுற்றுமே, அது. வட்டம் வலது பக்கம் சுற்றும்போது மூச்சை இழுக்க வேண்டும், நின்றால் விட வேண்டும். “எதிர்ப்பு கரையுது... கரையுது...” என்று சொல்லிக்கொண்டிருந்தபோது உண்மையிலேயே வட்டம் வந்துவிட்டது. நாற்பது நிமிடம் சுற்றியது. அத்தனை நேரமும் மாணவி எந்த மறுப்பும் தெரிவிக்கவில்லை, சிகிச்சை வெற்றி என்று ஆலோசகர் அறிக்கை கொடுத்தார். திரும்பவும் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். சிந்து திரும்பவும் கட்டத்தில் எழுதினாள்: ‘இன்னும் தொடவில்லை.’

இப்போது பன்னிரண்டு பேர் கொண்ட அவசரக் கூட்டம். அதை ஆன்லைனில் வைக்கலாமே என்று ஒரு இளம் பேராசிரியர் சொல்லிவிட்டு, எல்லோரும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். “முக்கியமான விஷயம்யா, வெளையாடாதீங்க” என்றார் பதிவாளர். மிளகாய் பஜ்ஜி வந்தது. அந்தப் பெண்ணை நீக்கிவிட்டால் மீதிப் பேரில் நூறு சதவீதம் கிடைக்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டார். நீக்கினால் அம்மாக்காரி வந்து வாசலில் உட்காருவாள், அன்றைக்கு ரிசப்ஷன் இருந்தால் நன்றாக இருக்காது என்று இன்னொருவர் நினைவூட்டினார்.

அப்போதுதான் கணேசமூர்த்தி எழுந்து அந்தச் சொற்பொழிவை ஆற்றினார்.

“நண்பர்களே, இந்தப் பொண்ணு ஏன் ஆன்லைன் கல்வியை முழுமனசா ஏத்துக்கல? நேர்ல படிக்கிற கஷ்டம் அதுக்குத் தெரியல! நம்ம பசங்க எவ்வளவு சுகமா இருக்காங்க? போர்வைக்குள்ள படுத்துக்கிட்டு பட்டம் வாங்கறாங்க. இதைக் கொண்டுபோய் அந்த லேப்ல பத்து நாள் நிறுத்துங்க. காலைல ஒம்போதுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு. மியூட் கிடையாது. ஃபாஸ்ட் ஃபார்வர்டு கிடையாது. ஸ்டூல்கூட கிடையாது. பாடத்தைப் பாடமாவே படிக்கட்டும். பதினோராம் நாள் வந்து, ஐயா எனக்கு என் செல்போனைக் குடுங்கன்னு கதறும்.”

ஒருமனதாக நிறைவேறியது. சற்றுக் கொடூரமோ என்று அந்த இளம் பேராசிரியர் மட்டும் கொஞ்ச நேரம் பஜ்ஜி சாப்பிடாமல் இருந்தார்.

ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பு பிரிஜெட் என்ற உதவியாளர். முப்பது வயதுக்குள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கண்ணாடிச் சாமான்களைத் துடைத்து, திரும்ப அலமாரியில் வைத்து, மறுநாள் எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். உத்தரவைப் படித்துவிட்டு சிந்துவை மேலும் கீழும் பார்த்தாள்.

“உன்னைக் கொடுமைப்படுத்தச் சொல்லி லெட்டர் வந்திருக்கு. அப்படி இன்னாத்த பண்ண? யாரையாவது அடிச்சியா?”

“பியூரெட்டைத் தொட்டதில்லைன்னு எழுதிட்டேன்க்கா.”

“அடப்பாவமே. இந்தா, தொடு.”

முதல் நாள் திரவத்தை அளந்து எடுக்கிற பிப்பெட் இரண்டு உடைந்தது. இரண்டாம் நாள் குழாயைத் திறக்கத் தெரிந்தது, மூடத் தெரியவில்லை. குடுவையில் நிறம் குபுகுபுவென்று ஏறிற்று. பிரிஜெட் எட்டிப் பார்த்தாள். “இது டைட்ரேஷன் இல்லம்மா, ரோஸ் மில்க். டம்ளர்ல ஊத்தி கீழ பந்தியில குடுத்துட்டு வா.” மூன்றாம் நாளும் ரோஸ் மில்க். நாலாம் நாள் பிற்பகல், சிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டாள். குடுவையைச் சுழற்றினாள். அரைச் சொட்டு விட்டாள். வெளிறிய ரோஸ் ஒன்று, இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, வந்து நின்றது. போகவில்லை.

அளவைப் பார்த்தவளுக்கு முகம் வாடிவிட்டது. “இருபத்திரண்டு புள்ளி மூணுதான்க்கா வருது. இருபத்துநாலு புள்ளி ஆறு வரல.”

“இருபத்துநாலு புள்ளி ஆறு வரும்னு யாரு சொன்னா?”

“எல்லாருக்கும் அதான் வரும்க்கா. மூணு வருஷமா.”

பிரிஜெட் இன்னொரு குடுவையைக் கழுவிக் கொடுத்தாள். மறுபடியும் இருபத்திரண்டு புள்ளி மூன்று. மறுபடியும் அதுவே. சிந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

தண்டனை எப்படிப் போகிறது என்று தினமும் முதன்மையருக்கு அறிக்கை போக வேண்டும். பிரிஜெட் உள்ளதை உள்ளபடி எழுதினாள்: ‘நாலாம் நாள். மாணவி நாள் முழுதும் நின்றாள். விரலில் இரண்டு இடத்தில் வெட்டு. சிரித்தாள்.’ கணேசமூர்த்தி ‘சிரித்தாள்’ என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டு விளக்கம் கேட்டார். ‘வலியால் இருக்கலாம்’ என்று பதில் போயிற்று. அவருக்குத் திருப்தி.

ஏழாம் நாள் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. டிரேவர்.

“ஏய் சிந்து, நெஜமாவே கலர் மாறுதா?”

“மாறுது.”

“சும்மா கதை வுடாத.”

அவள் செய்து காட்டினாள். டிரேவர் மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு பார்த்தான். கண்ணாடியில் மூச்சுப் பட்டு மங்கியது, துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான்.

“எனக்கும் ஒரு தண்டனை வாங்கிக் குடேன், ப்ளீஸ். எவ்ளோ எக் பஃப் வேணும் சொல்லு.”

“நீதான் முழுமனசா ஏத்துக்கிட்டியே.”

“நான் எங்க ஏத்துக்கிட்டேன்? கம்ப்யூட்டர் ஏத்துக்கிச்சு!”

பத்தாம் நாள் தரமதிப்பீட்டுக் குழு வந்தது. தலைவர் பேராசிரியை ஜானகி. எழுபது வயது, கையில் ஒரு தடித்த நோட்டு. இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்களே, இணையவழியிலேயே பார்வையிட்டிருக்கலாமே என்று பதிவாளர் உபசாரமாகக் கேட்டார்.

“ஆன்லைன்ல பாத்து எப்படிங்க மார்க் போடறது? ஏமாத்திடுவாங்க.”

“ரொம்ப கரெக்ட் மேடம்,” என்றார் கணேசமூர்த்தி. “நானும் எப்பவும் அதைத்தான் சொல்றது.”

பிறகு அவர் நூறு சதவீதத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் படம் காட்டினார். ஜானகி அம்மாள் கொட்டாவியை நோட்டால் மறைத்துக்கொண்டு, “சரி, ஒரு மாணவனைக் கூப்பிடுங்க. ஒரு டைட்ரேஷன் செஞ்சு காட்டட்டும்” என்றார்.

தங்கப் பதக்கத்துக்குத் தயாராயிருந்த யுவனை ஆய்வுக்கூடத்தின் முன்னறைக்கு அழைத்து வந்தார்கள். யுவன் பியூரெட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, எங்கே தட்டினால் ஆரம்பிக்கும் என்று ஓரங்களைத் தடவிப் பார்த்தான். தட்ட ஒன்றும் கிடைக்கவில்லை. பியூரெட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தான். நோட்டை எடுத்து ‘24.6’ என்று எழுதிக் கொடுத்தான்.

“தம்பி, நீ இன்னும் செய்யவே இல்லையேப்பா?”

“செஞ்சாலும் அதான் மேடம் வரும்.”

கீழே நாதஸ்வரக்காரர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது. அப்போது பிரிஜெட் யாரும் கேட்காமலே சொன்னாள்: “மேடம், உள்ள ஒரு பொண்ணு இருக்கு. கூப்பிடவா?”

சிந்து வந்தாள். கழுவினாள், நிரப்பினாள், குழாயை இரண்டு விரலால் பிடித்தாள். குழுவில் இரண்டு பேர் எழுந்து கிட்டே வந்து பார்த்தார்கள். ஜானகி அம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு புள்ளி மூன்று.

“அழகா பண்ற. எங்க கத்துக்கிட்டம்மா?”

ஜானகி அம்மாளுக்குப் பின்னால் கணேசமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் செல்போன். திரையை சிந்துவுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்திருந்தார். அவள் பெயர், அவள் படம், ‘ஹால் டிக்கெட்டை விடுவிக்கவா?’ என்று பச்சைப் பொத்தான். அதற்கு அரை விரற்கடை மேலே அவருடைய கட்டைவிரல் மிதந்தது. உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்தார்: ஆன்-லைன்-ல.

சிந்து பொத்தானைப் பார்த்தாள். ஜிகணியைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், இன்னொரு வருடம் தண்ணீர் டேங்க் படிக்கட்டைப் பார்த்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். எதிரே குடுவையில் அந்த வெளிறிய ரோஸ் அசையாமல் நின்றது.

“தண்டனையில மேடம்.”

“எதுல?”

“தண்டனை குடுத்தாங்க மேடம். ஆன்லைனை முழுமனசா ஏத்துக்கலன்னு பத்து நாள் இங்க நிக்க வெச்சாங்க. அப்ப கத்துக்கிட்டேன்.”

கணேசமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனிதர் மொத்தமாக அதிர்ந்தார், கட்டைவிரலும் சேர்ந்து அதிர்ந்தது. செல்போன் ‘டிங்’ என்றது. ‘விடுவிக்கப்பட்டது. இந்த உத்தரவைத் திரும்பப் பெற இயலாது.’

அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. மூன்று நூற்றாண்டுப் பழமையான கோட்டை ஒன்று சரிவதைப் பார்க்கிறவர் மாதிரி ஜானகி அம்மாளின் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா வேகமாக ஓடியது.

“பிரமாதம்!” என்றார் ஜானகி அம்மாள். “முப்பது இடம் பாத்துட்டேன். எங்க போனாலும் ஸ்மார்ட் போர்டைக் காட்டறாங்க, ட்ரோனைக் காட்டறாங்க. ஒருத்தர்கூட தண்டனையைக் காட்டல. ‘தண்டனைவழிக் கல்வி’! இது யாரோட ஐடியா?”

கணேசமூர்த்தி இரண்டு விநாடி திகைத்தார். இரண்டே விநாடி. “பல வருஷ ஆராய்ச்சி மேடம்” என்றார்.

குழு தலைசிறந்த தரம் கொடுத்தது. கூடவே ஒரு பரிந்துரையும் கொடுத்தது. பல்கலைக்கழகம் அதை அன்றைக்கே சுற்றறிக்கையாக்கியது. இனி பத்து நாள் தண்டனை பெறாத எவரும் தேர்வெழுத முடியாது. இணையவழிக் கல்வியை முழுமனதோடு ஏற்ற நாலாயிரத்து முந்நூற்றுப் பதினோரு பேரின் ஹால் டிக்கெட்டுகளும் ரத்து. அவர்களுக்குத் தேர்வு பின்னர். ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் திட்டமிட்டபடி பன்னிரண்டாம் தேதி. ஆசிரியர்கள், அதிகாரிகளுக்கும் இது பொருந்தும், வயது வரம்பு கிடையாது.

பன்னிரண்டாம் தேதி காலை சிந்து போய் இறங்கியபோது, ஆய்வுக்கூட வாசலில் தொடங்கிய வரிசை மண்டபத்தைச் சுற்றி, சமையல்கட்டுக்குள் புகுந்து, மணமேடைக்குப் பின்னால் போய், மெயின் ரோடு வரை நீண்டிருந்தது. நடுவில் ஒரு கல்யாண கோஷ்டியும் பந்திக்கு என்று நினைத்துச் சேர்ந்து நின்றது. டிரேவருக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறாம் டோக்கன். “இன்னும் ரெண்டு வருஷம் ஆகும்டி!” என்று கத்தினான். அவனுக்கு முன்னால் யுவன், நின்ற இடத்திலேயே கையில் இல்லாத குழாயைத் திறந்து மூடிப் பழகிக்கொண்டிருந்தான்.

தேர்வுக்கூடத்தில் நானூறு மேசைகள். ஒரு மாணவி. மணி அடித்தார்கள். வினாத்தாளை சீல் உடைத்துக் கொடுத்தார்கள். மேற்பார்வைக்கு வேறு ஆள் இல்லை, எல்லோரும் வரிசையில் நின்றார்கள். அதனால் முதன்மையர் கணேசமூர்த்தியே வந்திருந்தார். சட்டைப் பையில் அவருடைய டோக்கன் எட்டிப் பார்த்தது.

சிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவர் காப்பி அடிக்கிறார்களா என்று முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது காலி மேசைகளையும் முறையாகச் சுற்றிப் பார்த்தார். இரண்டாம் சுற்று வந்தார். மூன்றாம் சுற்றில் அவள் மேசையருகே நின்றார். கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். குனிந்து, காதோடு காதாகக் கேட்டார்:

“ஏம்மா... அந்த பியூரெட்டு... எந்தப் பக்கம் மேல இருக்கணும்?”

சிந்து நிமிரவில்லை.

“எக்ஸாம் டைம்ல பேசக் கூடாது சார்.”

“ஸாரிம்மா, ஸாரி” என்றார் முதன்மையர். செருப்புச் சத்தம் கேட்காமல் தம் நாற்காலிக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.